ஷூட், ஷாட், ஷாட்

எழுமலையில் நான் படித்த காலத்தில் ஆங்கில வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். கோ, வென்ட், கான். ஷூட், ஷாட், ஷாட். ‘ரூட்’ என்பது ‘ரூட்டட்’ ஆகும்போது ‘ஷூட்’ ஏன் ‘ஷூட்டட்’ ஆகக் கூடாது? அப்படி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். “உனக்கு இங்கிலீஷ் சுட்டுப் போட்டாலும் வராதுடா” என்றார் வாத்தியார்.

அவர் சொன்ன அந்தச் ‘சுடு’ ஒழுங்கான சொல். நடு, நட்டான், இடு, இட்டான், சுடு, சுட்டான். தோசை சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம், வெயில் சுடுகிறது. எல்லாவற்றிலும் சூடு இருக்கிறது. அம்புக்கு நம்மிடம் ‘எய்’ இருந்தது. துப்பாக்கி வந்ததும் அதை விட்டுவிட்டு, நெருப்பைப் பார்த்துச் ‘சுடு’ என்றார்கள். ஆங்கிலத்தின் ‘ஷூட்’டில் நெருப்பு கிடையாது, வேகம்தான். அம்பு விட்டாலும் ஷூட், பந்தைக் கோலுக்குள் அடித்தாலும் ஷூட், செடி துளிர்த்தாலும் ஷூட். சினிமா எடுப்பது நமக்கும் ஷூட்டிங் ஆகிவிட்டது.

இந்தச் சொல்லைப் பற்றி நினைத்தாலே எனக்குப் பக்கத்து ஊரான பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கி, கைரேகை வைக்கச் சொன்ன சட்டம். ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள்.

இதையே ஆங்கிலத்தில் ‘வேர் ஷாட்’ என்று முடித்துவிடலாம். சுட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. ‘ஷாட்’ என்றால் செத்தார்களா, காயத்தோடு பிழைத்தார்களா என்பதும் விளங்காது. அதற்கு ‘டெட்’ என்று இன்னொரு சொல் வேண்டும். தமிழிலும் ‘சுடப்பட்டனர்’ என்று எழுதலாம், பத்திரிகைகள் எழுதத்தான் செய்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் அந்த ‘பட்டனர்’ வந்து நான் கேட்டதில்லை. “போலீஸ்காரன் சுட்டான்” என்றுதான் சொல்வார்கள்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ரத்தானது. பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 3 அன்று அங்கே கூடி மாலை போடுகிறார்கள்.