பாலிடால் முதல் மோனோகுரோட்டோபாஸ் வரை: இந்தியாவில் பூச்சிக்கொல்லிக் கையாளுகையின் வரலாறு

தமிழக உழவர்கள் பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்றே அழைக்கின்றனர். 'மருந்து அடிக்கணும்' என்று சொல்லும்போது நஞ்சு என்ற நினைவே எழுவதில்லை. ஆயினும் அதே ஊர்களில் 'பாலிடால்' என்ற சொல் சாவைக் குறிக்கும் சொல்லாகவும் பழகிவிட்டது. பயிரைக் காப்பதும் ஆளைக் கொல்வதும் ஒரே புட்டிதான்.

பாலிடால் என்பது பாராத்தியான் என்னும் கரிம பாசுபரசு நஞ்சின் வணிகப் பெயர். செருமானிய வேதியியலாளர் கெரார்டு சிரேடர் 1940களில் இதனை உருவாக்கினார். நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெசுத்தரேசு என்ற நொதியை இது முடக்கிவிடும். அதனால் கண்மணி சுருங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், தசைகள் துடிக்கும், இறுதியில் மூச்சு நிற்கும். விழுங்கினால் மட்டுமல்ல, தோலில் பட்டாலும் உடலுக்குள் போய்விடும். கையாளுவோர் பெரும்பாலும் அறியாதது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பலர் உணவு உண்டு மயங்கி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் உணவுப் பொருள்களுடன் ஏற்றி வந்த பாலிடால் கசிந்து மாவு மூட்டைகளில் ஊறியிருந்தது பின்னர் தெரியவந்தது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது 1968இல். அதற்கான விதிகள் வந்தது 1971இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில்தான் பசுமைப் புரட்சி தொடங்கி, உரக்கடைகள் ஊர்தோறும் முளைத்தன.

விதிகள் குறைவானவை அல்ல. நச்சுத்தன்மைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் புட்டியில் இருக்க வேண்டும். தெளிப்பவருக்குக் காப்புடை, கையுறை, முகமூடி வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. நடைமுறையில், அரைக்கைச் சட்டையும் மடித்துக் கட்டிய கைலியுமே காப்புடை. சித்திரை வெயிலில் நெகிழியுடை அணிந்து முதுகில் தெளிப்பானைச் சுமந்து ஒரு காணி முழுவதும் நடப்பது யாராலும் இயலாது. இதை உழவரின் அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமன்று. குளிர்நாட்டு உடையை நம் வயலுக்கு விதித்ததும் ஒரு குறையே. வெறுங்கையால் கலக்குவது, அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையை வாயால் ஊதுவது, காற்றுக்கு எதிராகத் தெளிப்பது ஆகியவை மிகுந்த ஆபத்தானவை. தண்ணீர் சுமந்து ஊற்றும் பெண்களை எவரும் 'தெளிப்பவர்' என்று கணக்கில் கொள்வதில்லை. அவர்கள் கைகளிலும் கரைசல் படுகிறது.

2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு பருத்திச்செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன. தலைக்கு மேல் தெளித்த நஞ்சு தெளித்தவர் முகத்திலேயே இறங்கியது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்ததும், வேகமாகத் துளிகளை வீசும் விசைத்தெளிப்பான்களைப் பயன்படுத்தியதும் பாதிப்பைக் கூட்டின.

வயலுக்கு வெளியிலும் ஆபத்து தொடர்கிறது. 2013இல் பீகாரின் சாப்ரா அருகே மதிய உணவு உண்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். காலிப் புட்டியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைப்பது நம் வீடுகளிலும் உள்ள பழக்கம்தான். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் புட்டி உணவுக்கு உதவாது. துளையிட்டு அழிக்கவே வேண்டும்.

காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்த 2005இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் பருத்திக்கென்று வாங்கிய புட்டி கத்தரிக்காய்ப் பாத்திக்குப் போவதை எந்த அதிகாரியும் தடுக்க முடியவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசு ஒரு பூச்சிக்கொல்லியின் விற்பனையை முதலில் 60 நாள் வரை மட்டுமே நிறுத்திவைக்கலாம். நிலையான தடைக்கு ஒன்றிய அரசையே நாட வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழ்நாடு அரசு 2023இல் நிறுத்தியதும் இந்த 60 நாள் வரம்புக்குள்தான்.