மூச்சு முன், மயக்கம் பின்

உழவனுக்கு ஏர் எவ்வாறோ, அவ்வாறே ஆசிரியருக்குக் குரல். சுவா சூ காங்கிலோ சிராங்கூன் சாலையிலோ பாடம் நடத்தும் ஆசிரியரின் தொண்டை கம்மினால், ஓயாத பேச்சே காரணம் என்று அவர் வெந்நீர் அருந்திவிட்டு மறந்துவிடுவார். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் மிக அரிதாகக் குரல்வளையிலும் மூச்சுக்குழலிலும் ஒருவகைப் புரதம் படிந்து, மூச்சின் வழியைக் குறுக்கிவிடுவதுண்டு. இதனை அமிலாய்டு நோய் என்பர். இத்தகைய நோயாளிக்கு அறுவை செய்ய நேர்ந்தால் மயக்க மருந்து கொடுப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1854ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, உடலில் படிந்த ஒரு பொருள் அயோடின் பட்டதும் மாப்பொருளைப் போல நிறம் மாறக் கண்டார். ஆகவே ‘மாப்பொருள் போன்றது’ எனப் பொருள்படும் அமிலாய்டு என்னும் பெயரை அதற்கு வழங்கினார். 1859இல் பிரீட்ரைக், கெகுலே ஆகிய இருவரும் அது மாப்பொருள் அன்று, புரதத் தன்மையது என்று காட்டினர். பெயர் பொருந்தாதது எனத் தெளிந்த பின்னும் அதுவே நிலைத்துவிட்டது. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இது புதுமையன்று.

அதே 1854இல், மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர், சிறு கண்ணாடி ஒன்றைத் தம் வாயினுள் வைத்துக் கதிரவன் ஒளியில் தம் குரல் நாண்கள் அசைவதைக் கண்டார். தொண்டையின் உள்ளிடத்தை நோக்கும் மருத்துவக் கலை வளர ஓர் ஆசிரியரின் ஆர்வம் வழி திறந்தது.

அடுத்த படியைக் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கியூவன் எடுத்துவைத்தார். 1878இல், நாவின் அடியில் புற்று வளர்ந்திருந்த ஒருவருக்கு, அவர் விழித்திருக்கும்போதே, விரலால் வழிகாட்டி வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தினார். குளோரோபாரம் கொடுத்தது அதற்குப் பின்னரே. 1880இல் இம்முறையை அவர் வெளியிட்டார்.

இந்த வரிசையில்தான் உயிர் இருக்கிறது. மயங்கியவரின் தசைகள் தளரும். நலமுள்ளவர்க்கு முகமூடி வழியாகவோ குழாய் வழியாகவோ காற்றூட்டலாம். வழி குறுகியவரோ தம் முயற்சியாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அம்முயற்சி நின்று, குழாயும் நுழையாவிட்டால், சில நிமிடங்களில் உயிருக்கே இடர் நேரும். மேலும், அமிலாய்டு படிந்த இடம் எளிதில் குருதி கசியும். கண்காணாமல் குழாயைத் தள்ளுவது ஆகாது.

அந்தக் கண்ணைத் தருவதில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்குண்டு. பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹெரால்டு ஹாப்கின்சுடன் ஆராய்ந்து, கண்ணாடி நார்க்கற்றை வளைந்தாலும் உருவத்தைக் கடத்தும் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். 1967இல் பீட்டர் மர்பி என்னும் மயக்கவியல் மருத்துவர், பித்தநாளத்தைப் பார்ப்பதற்கென அமைந்த நார்க்கருவியைக் கொண்டு, மூட்டு நோயாளி ஒருவர்க்கு மூக்கின் வழியே மூச்சுக்குழாயைச் செலுத்தினார்.

சிங்கப்பூரில் 1905இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது மெக்கியூவனின் முறை அச்சேறி 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. நார்க்கருவிக்கோ இன்னும் அறுபதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இரண்டும் இணைந்து நிற்கின்றன. குரல்வளை மிகக் குறுகிய நோயாளி விழித்திருக்க, தொண்டையை மட்டும் மரக்கச் செய்வர். நார்க்கருவி முன்செல்ல, மெல்லிய குழாய் அதன்மேல் பின்தொடரும். குழாய் உரிய இடத்தை அடைந்த பின்னரே உறக்க மருந்து கொடுப்பர். இது கைகூடாவிடில் கழுத்தில் வழி திறக்க அறுவை மருத்துவர் அருகிலேயே நிற்பார். அடைப்பு மூச்சுக்குழலின் கீழ்ப்பகுதியில் இருந்தால் முறை வேறுபடும். ஆனால் மூச்சைக் காப்பதே முதற்கடமை என்னும் நெறி மாறுவதில்லை.

எனவே, குரல் கம்மல் சில வாரங்களில் தீராவிடில், தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எந்த அறுவைக்குச் செல்லும்போதும், மூச்சு இரைப்போ குரல் மாற்றமோ இருப்பின் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்னதாகவே கூறிவிட வேண்டும். அவ்வொரு சொல், எதனை முதலிற் செய்வது என்று அவர் முடிவு செய்ய உதவும்.