ஜேம்ஸ் டாசி

ஜேம்ஸ் டாசி (1735–1799) ஸ்காட்லாந்துச் சிற்பி. மணிக்கற்களில் செதுக்கிய பழங்கால உருவங்களைக் கண்ணாடியில் வார்த்தெடுத்து ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர்.

கிளாஸ்கோவை ஒட்டிய போலக்ஷாஸில் பிறந்த அவர் முதலில் செய்தது கல்தச்சு வேலை. ஒருநாள் திருவிழாச் சந்தைக்காகக் கிளாஸ்கோ போனவர், அச்சகம் நடத்திய ஃபவுலிஸ் சகோதரர்களின் ஓவியச் சேகரிப்பைப் பார்த்தார். பிறகு அவர்கள் நடத்திய கலைப்பள்ளியிலேயே மாணவரானார். 1763இல் வேலை தேடி டப்ளின் சென்றபோது ஹென்றி குவின் என்ற மருத்துவர் பழக்கமானார். மணிக்கற்களுக்கு நகல் செய்து பார்ப்பது மருத்துவரின் பொழுதுபோக்கு. இருவரும் சேர்ந்து, எளிதில் உருகி அச்சின் நுணுக்கங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும் கண்ணாடிக் கலவை ஒன்றை உருவாக்கினார்கள். அதன் சேர்மானத்தை டாசி வெளியே விடவில்லை.

1766இல் லண்டனில் குடியேறினார். பீங்கான் தொழிலதிபர் வெட்ஜ்வுட் அவரிடம் வார்ப்புகள் வாங்கினார். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன் முழுத் தொகுப்பையே கேட்டார். 1791இல் வெளியான பட்டியலில் 15,800 உருப்படிகள் இருந்தன. தொகுத்தவர் ருடால்ஃப் எரிக் ராஸ்பே, மன்ஷாசன் பிரபுவின் புளுகுக் கதைகளை எழுதியவர். ஜெர்மனியில் தன் பொறுப்பிலிருந்த அரச சேகரிப்பில் கைவைத்துவிட்டு இங்கிலாந்துக்கு ஓடிவந்த ஆள். மணிக்கற்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு!

நகல்கள் வருமானம் தந்தன. ஆனால் டாசியின் சொந்தக் கைவண்ணம் தெரிவது உருவப் பதக்கங்களில்தான். ஆளை நேரில் உட்காரவைத்து, பக்கவாட்டு முகத்தை மெழுகில் வடிப்பார். அதிலிருந்து பிளாஸ்டரில் அச்சு எடுத்து, வெள்ளைக் கண்ணாடிக் கலவையில் வார்ப்பார். தொடக்க காலத்தில் தலையை மட்டும் வார்த்து, தேய்த்த கண்ணாடித் தகட்டில் பொருத்தினார். தகட்டுக்குப் பின்னால் ஒட்டிய காகிதம் பின்னணிக்கு நிறம் தந்தது. பின்னாளில் தலையும் பின்னணியும் ஒரே வார்ப்பாயின.

1787இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தை இரண்டு விதமாகச் செய்தார்: ஒன்று பொய்முடியோடு, மற்றொன்று பழங்கால ரோமானியர் பாணியில். பொய்முடி முகம்தான் ஸ்மித்தின் அடையாளமாக நிலைத்தது. 2007 முதல் 2022 வரை புழங்கிய பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் 20 பவுண்டு தாளில் இருந்ததும் டாசியின் இந்த வடிவத்தைத் தழுவிய படமே.

டாசிக்குப் பின் தொழிலை நடத்தியவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம். 1805இல் பதிப்பாளர் பாய்டெல்லின் ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடம் லாட்டரியில் அவருக்கு விழுந்தது. ஓவியங்களை ஏலத்தில் விற்றுவிட்டார். டாசியின் வார்ப்புகளையோ 1860இல் இறக்கும்போது ஸ்காட்லாந்துக்கே எழுதிவைத்தார். உருவப் பதக்கங்களை இன்று எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய உருவப்படக் காட்சியகத்தில் காணலாம்.