டாகிள் கிளாம்ப்: மரத்தைப் பிடித்து நிறுத்தும் கருவியின் வரலாறு

டாகிள் கிளாம்ப் என்பது கைப்பிடியை ஒருமுறை சாய்த்தவுடன் வேலைப்பொருளை அழுத்திப் பிடித்து, தானே பூட்டிக்கொள்ளும் கருவி ஆகும். ஒரே அளவில் பல துண்டுகளை அறுக்கவும் துளையிடவும் பயன்படும் வழிகாட்டிச் சட்டம் 'ஜிக்' எனப்படுகிறது. அந்தச் சட்டத்தின் மேல் இது பொருத்தப்படும். கையளவே உள்ள இக்கருவி, தச்சரின் திறமை எங்கே குடியிருக்கிறது என்பதையே மாற்றியிருக்கிறது.

காலும் ஆப்பும்

தமிழகத் தச்சர்கள் நெடுங்காலமாகத் தரையில் அமர்ந்து, மரத்தைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு உளியும் இழைப்புளியும் பிடித்தார்கள். பெரிய சட்டங்களை ஆப்பு வைத்து இறுக்கினார்கள். பின்னர் திருகு வைத்த கிளாம்புகள் வந்தன. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தச்சரின் உடலே முடிவு செய்தது.

போர்ட்ஸ்மவுத் பட்டறை

இந்நிலையை மாற்றிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்தது. போர்க்கப்பலின் பாய்களை இழுக்க மரக் கப்பிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. மார்க் இசாம்பார்ட் புரூனெல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த இயந்திரங்கள் 1808ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 கப்பிகளைத் தயாரித்தன. முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தனர். அங்கே முதல் இயந்திரத்தின் பிடிப்பு மரத்தில் சிறு தழும்புகளைப் பதித்தது. அடுத்தடுத்த இயந்திரங்கள் அதே தழும்புகளைக் கொண்டு மரத்தைச் சரியான இடத்தில் பிடித்தன. பிடிப்பு சரியாக இருந்தால் அளவும் சரியாக இருக்கும் என்பதே அதன் பாடம்.

முழங்கால் தத்துவம்

மடங்கிய முழங்காலை நிமிர்த்தும்போது, கால் நேராகும் தறுவாயில் விசை மிகுதியாகக் கிடைக்கும். டாகிள் அமைப்பும் அப்படியே. மூட்டால் இணைந்த இரு சம நீளத் தண்டுகள் நேர்கோட்டிலிருந்து தலா 10 பாகை சாய்ந்திருக்கும்போது, மூட்டில் தரும் விசை சுமார் 2.8 மடங்காகிறது. 5 பாகையில் அது 5.7 மடங்கு. 1 பாகையில் 28 மடங்குக்கும் மேல். மூட்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டி ஒரு தடுப்பில் உட்கார்ந்தால், வேலைப்பொருள் எதிர்த்துத் தள்ளினாலும் பிடி திறக்காது.

இதே பெருக்கத்தை எலி விட்னி பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற கல் உடைக்கும் இயந்திரத்தில் பயன்படுத்தினார். கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரிப் பகுதியின் கிரஷர்களில் இயங்கும் தாடை வகை இயந்திரங்கள் அதன் வழிவந்தவையே. கையால் இயக்கும் டாகிள் கிளாம்பை 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் ஸ்டாம்பிங் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்து பரப்பியது.

ஓசூரில்

தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அது ஓசூரில் அமைத்த தொழில் வளாகத்தாலும், பெங்களூரின் அருகாமையாலும் இவ்வெல்லை ஊர் வளர்ந்தது. 1980இல் அசோக் லேலண்டு ஆலை இங்கு வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கிருந்து வெளிவந்தது. 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனமும் தன் கைக்கடிகார ஆலையை இங்கே நிறுவியது. ஒரே உதிரிபாகத்தை ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் செய்யும் இத்தகைய தொழில்களில் ஜிக்கும் கிளாம்பும் அன்றாடப் பொருள்கள். வெல்டிங்குக்கும் துளையிடலுக்கும் உதவும் அதே கிளாம்பு, மரச்சாமான் பட்டறைகளிலும் அதே வேலையைச் செய்கிறது.

சரிசெய்யும் முறை

கிளாம்பின் கை நுனியில் ரப்பர் முனையுள்ள ஒரு திருகு இருக்கும். அதன் உயரத்தை இரு நட்டுகள் நிலைப்படுத்தும். முதலில் மரத்தை ஜிக்கில் வைத்து, கிளாம்பை மூடிய நிலையில் ரப்பர் முனை மரத்தை மெல்லத் தொடும்படி திருகை அமைக்க வேண்டும். பின்பு கிளாம்பைத் திறந்து, திருகைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் மூடிப் பார்க்க வேண்டும். ஒரு கையின் அழுத்தத்தில் உறுதியாகப் பூட்டிக்கொண்டதும் நட்டுகளை இறுக்கிவிடலாம்.

முனை தளர்வாக இருந்தால் ரூட்டரின் வெட்டில் மரம் நழுவும். துண்டு வீணாவதோடு விரலுக்கும் ஆபத்து. மிகவும் இறுக்கினால் மரத்தில் பள்ளம் விழும், ஜிக்கின் பலகை வளையும், அளவு தவறும். அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இருக்க வேண்டும். வெட்டும் விசையைத் தாங்குவது ஜிக்கின் தடுப்புக்கட்டையாக இருக்க வேண்டுமே தவிர, கிளாம்பாக இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மரம் தடிப்பதால், கோடையில் அமைத்த திருகு அப்போது பொருந்தாது. ஆகவே புதிய மரக்கட்டு வரும்போதெல்லாம் மீண்டும் சோதிப்பது அவசியம்.

கிளாம்பை மூடித் திறக்க ஒரு நாள் பயிற்சி போதும். அதைச் சரியாக அமைக்க மரத்தின் குணம் தெரிந்த கை வேண்டும். முன்பு ஒவ்வொரு துண்டிலும் தேவைப்பட்ட தச்சரின் திறமை, இப்போது முதல் துண்டுக்கு முன்பே தேவைப்படுகிறது. அந்த ஒருவர் தவறினால், அன்றைய துண்டுகள் அத்தனையும் ஒரே மாதிரித் தவறாகவே அமையும்.