பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமையா? சோதனையில் "பாசிட்டிவ்" வந்தால் போதுமா?

குட்டித் தங்கை சாத்தே சாஸைத் தொட்டுச் சாப்பிடுகிறாள். பத்தே நிமிடத்தில் உதடு வீங்குகிறது, கையெல்லாம் தடிப்பு. "கடலை ஒத்துக்கல"ன்னு வீட்டில் உடனே முடிவு கட்டிவிடுவோம்.

மருத்துவர் அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டமாட்டார்.

முதலில் கேள்விகள்

என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் அறிகுறி வந்தது, முன்பு கடலை சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையா? நோயைக் கண்டுபிடிக்க இந்த விவரங்கள்தான் அடிப்படை. கடலை ஒவ்வாமை பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மறுநாள் வந்த அரிப்புக்கு வேறு காரணம் இருக்கலாம். சாத்தே சாஸில் சிலர் பெலாச்சானும் சேர்ப்பார்கள். அப்படியானால் சந்தேகம் இறால் மீதும் விழும். அதனால் தடிப்பையும் உணவுப் பொட்டலத்தின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு சோதனைகள்

தோல் சோதனையில், கடலைச் சாறு ஒரு துளியைக் கையிலோ முதுகிலோ வைத்து லேசாகக் குத்துவார்கள். 15 நிமிடத்தில் கொசு கடித்ததுபோல் வீங்கும். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் "பாசிட்டிவ்". அரிப்புக்கான ஆன்டிஹிஸ்டமின் மருந்தைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தச் சோதனை, கடலைக்கு எதிரான ஐஜிஇ அளவைக் காட்டும்.

குழப்பம் இங்கேதான். "பாசிட்டிவ்" என்றால் உடல் கடலையை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். சாப்பிட்டால் ஒன்றுமே ஆகாத பிள்ளைகளுக்கும் அப்படி வரலாம். எண் கூடக்கூட ஒவ்வாமைக்கான வாய்ப்பு கூடும். ஆனால் அடுத்த முறை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று அந்த எண் சொல்லாது.

எதற்கும் இருக்கட்டுமே என்று இருபது உணவுக்கு மொத்தமாகச் சோதனை செய்வதில் சிக்கல் இருக்கிறது. தேவையில்லாமல் தவிர்ப்பதும் பாதிக்கலாம். பிரிட்டனில் நடந்த, 2015இல் வெளியான லீப் ஆய்வில், கடும் எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் 4 முதல் 11 மாதத்துக்குள் கடலை உணவைத் தொடங்கினார்கள். தவிர்த்தவர்களைவிட அவர்களுக்கு 5 வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைவு. (அப்படிப்பட்ட குழந்தைக்கு நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். முழுக் கடலை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.)

சந்தேகம் தீராவிட்டால்?

மருத்துவமனையிலேயே சாப்பிடவைத்துப் பார்ப்பார்கள். கடுகளவில் தொடங்கி, இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகும் சில மணி நேரம் கவனிப்பார்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. வீட்டில் இதை முயற்சி செய்யவே கூடாது. மூச்சுத் திணறினால் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டு 995ஐ அழையுங்கள்.

முந்திரி, பிஸ்தா?

நிலக்கடலை பருப்பு வகையைச் சேர்ந்தது, முந்திரி மரக்கொட்டை. ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் ஆகாது என்றில்லை, தனித்தனியாகப் பார்க்கவேண்டும். முந்திரியும் பிஸ்தாவும் மட்டும் நெருங்கிய சொந்தம். நம் வீட்டுக் குருமாவிலும் முந்திரி அரைத்துக் கலந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 5இல் ஒருவருக்கு வளர வளர அது போய்விடும். அதனால் மருத்துவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் சோதித்துப் பார்ப்பார்.