மின்சூளைக் காற்று

பாண்டம் சுடும்போது சூளைக்குள் நிலவும் வளிக்கலவையே சூளைக் காற்று. பாண்டத்தின் நிறமும் உறுதியும் வெப்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தவை.

கொங்கு நாட்டில் இதற்குப் பழைய சான்று உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கறுப்பு-சிவப்புப் பாண்டங்கள் ஏராளமாகக் கிடைத்தன. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப்படாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன, வெளிப்புறம் சிவந்தது என்பது தொல்லியலாளர் பலரின் விளக்கம். மண்ணிலுள்ள இரும்பு, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும்; குறைந்தால் கறுக்கும். கறுத்த இடத்தில் கரியும் படியும். ஒரே பானையில் இரண்டு காற்றையும் ஆண்டன அக்குயவர்களின் கைகள்!

மின்சூளையில் விறகு இல்லை, புகை இல்லை. ஆகவே காற்றைப் பற்றிய கவலையும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கே எரிவது மண்ணுக்குள் இருப்பது. ஏரி, குளம், நீர்த்தேக்கம் போன்ற இடங்களில் படியும் வண்டலில் இலைதழை மட்கு கலந்திருக்கும். அத்தகைய மண்ணைச் சுடுகையில் 100 டிகிரி செல்சியசை ஒட்டி ஈரம் வெளியேறும். 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணோடு பிணைந்த நீர் பிரியும். ஏறத்தாழ 300 முதல் 900 டிகிரி வரை மட்கும் கந்தகமும் எரியும். எரிய ஆக்சிஜன் போதாவிட்டால் பாண்டச் சுவரின் நடுவில் கறுப்புப் பட்டை தங்கிவிடும். மேல்வெப்பத்தில் அந்த இடம் உப்பும். கண்ணாடி போன்ற மெருகைப் பூசி அடுத்த முறை சுடுகையில் அதில் ஊசித்துளைகள் விழும். சூளையைச் சூடேற்றும் கம்பிச்சுருளும் கெடும்: இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த அந்தக் கம்பியைக் காப்பது அதன் மேல் படியும் அலுமினிய ஆக்சைடுத் தோல், அது உருவாகவும் தேய்ந்தால் புதுப்படவும் ஆக்சிஜன் வேண்டும்.

எனவே தொடக்கத்தில் மூடியைச் சற்றே தூக்கி வைத்து, மேல் பார்வைத் துளையையும் திறந்துவிட்டு, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அடித்தட்டுத் துளை வழியே சிறு விசிறியால் காற்றை உறிஞ்சிக் குழாயில் வெளியே விடுவது இன்னும் நல்லது. வெளிவரும் வளியில் கார்பன் மோனாக்சைடும் கந்தக டைஆக்சைடும் இருக்கும். முன்னதற்கு மணமே கிடையாது என்பதால், சூளை உள்ள அறையில் சன்னல் மூடிப் படுப்பது உயிருக்கே ஆபத்து.

தாமிரம் கலந்த மெருகு மின்சூளையில் பொதுவாகப் பச்சையாகும்; ஆக்சிஜன் ஒடுங்கிய சூளையில் அதுவே செம்மையாகும். கம்பியைப் பலியிடாமல் அந்தச் செம்மையைப் பெற விரும்புவோர் விறகுச் சூளையையோ எரிவாயுச் சூளையையோ நாடுகிறார்கள்.