வாளேந்திய நாச்சியாரும் வழக்காடிய நாச்சியார்களும்

சேதுச் சீமையின் பெண்மணிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வேலு நாச்சியாரின் பெயரே முதலில் நம் நாவில் வருகிறது. அது முறையும் ஆகும். ஆங்கிலக் கும்பெனியிடம் இழந்த நாட்டைப் படை திரட்டி மீட்ட அரசி அவர். 2008ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆனால், அவ்வம்மையாருக்குப் பின் அதே மண்ணில், அதே மரபில் வந்த இரு நாச்சியார்களை நாம் ஏறத்தாழ மறந்தே விட்டோம். அவர்கள் வாளெடுக்கவில்லை, மனு எழுதினர். போர்க்களம் புகவில்லை, நீதிமன்றம் ஏறினர். அவர்கள் பெற்றுத் தந்த தீர்ப்புகள் அரண்மனைச் சுவர்களைத் தாண்டி, சென்னை மாகாணத்து எளிய குடும்பங்கள் வரை சென்று பயன் அளித்தன. அவ்விருவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் நோக்கப் போகிறோம்.

இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை நீளும் கடற்கரையும் அதனை அடுத்த வறண்ட உள்நாடும் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தவை. சேதுவின் காவலர் என்பதே அப்பட்டத்தின் பொருள். இக்கடற்கரை முஸ்லிம்களின் வாழ்வும் அவ்வரச மரபோடு பின்னிப் பிணைந்தது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிறு மரைக்காயர், கிழவன் சேதுபதிக்கு உற்ற நண்பராக விளங்கியதை வாசகர்கள் அறிவர். ஆகவே, அம்மரபின் ஏற்றமும் இறக்கமும் இக்கரை மக்கள் அனைவருக்கும் பொதுவான வரலாறு என்றே கொள்ள வேண்டும்.

அந்த மரபு பேரிடியைச் சந்தித்தது 1772ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பெனிப் படையும் சேர்ந்து முதலில் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றின. அப்போது சேதுபதிப் பட்டத்திற்குரியவர் சிறுவர். அவர் பெயரால் ஆட்சியை நடத்தி வந்தவர் அவருடைய அன்னை முத்துத்திருவாயி நாச்சியார். அன்னையும் மக்களும் திருச்சிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியே வேலு நாச்சியார். இராமநாதபுரம் செல்லமுத்துச் சேதுபதியின் மகளார். ஒரே மாதத்தில் ஒரே குடும்பத்துப் பெண்களுள் ஒருவர் சிறை புகுந்தார். மற்றவர் கைம்பெண்ணாகிக் காட்டு வழி ஏகினார்.

வேலு நாச்சியார் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் ஏறத்தாழ எட்டாண்டுகள் தங்கினார். மைசூர் ஹைதர் அலியின் ஆதரவையும் மருது சகோதரர்களின் துணையையும் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். 1796இல் அவர் மறைந்தார். அதற்குள் இராமநாதபுரத்தின் நிலை மாறி விட்டது. மீண்டும் பட்டம் பெற்றிருந்த முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் கும்பெனியார் பதவியிலிருந்து இறக்கிச் சிறையிட்டனர். அவர் சென்னைக் கோட்டைச் சிறையிலேயே 1809இல் உயிர் நீத்தார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வாளால் நாட்டைக் காக்கும் காலம் அத்துடன் முடிவுற்றது.

அதன் பின் அரசுகள் ஜமீன்களாயின. சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியார் 1803இல் இராமநாதபுரம் ஜமீனுக்கு நிரந்தர சன்னது பெற்றார். சிவகங்கையைக் கும்பெனியார் 1801இல் கௌரிவல்லபத் தேவருக்கு வழங்கினர். நாடு என்பது இப்போது பேஷ்குஷ் கட்டும் சொத்தாகி விட்டது. அரசர் பதவிக்கு இது தாழ்வே. எனினும் இத்தாழ்வில் ஒரு வழியும் திறந்தது. நாட்டைப் பறித்தால் முறையிட மன்றம் இல்லை. சொத்தைப் பறித்தால் வழக்குத் தொடுக்கலாம். அவ்வழியைக் கண்டு அதில் துணிந்து நடந்தவர்கள் பெண்கள் என்பதே நாம் இங்குக் கருத வேண்டிய செய்தி.

இதன் அருமையை உணர, அக்காலத்து இந்துப் பெண்டிரின் சொத்துரிமையைச் சிறிது அறிந்து கொள்ளல் வேண்டும். நம் மார்க்கச் சட்டத்தில் மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் இருப்பின் கைம்பெண்ணுக்கு எட்டில் ஒன்று. இல்லையேல் நான்கில் ஒன்று. சுவீகாரப் பிள்ளைக்கு அதில் வாரிசுரிமை இல்லை. தென்னாட்டு இந்துக் குடும்பங்களில் நிலை வேறு. பாகம் பிரியாத குடும்பத்துச் சொத்து ஆண் பங்காளிகளுக்கே சென்றது; கைம்பெண்ணுக்குச் சோறும் துணியும் மட்டுமே. பிரிந்த குடும்பத்தில் கணவன் சொத்து அவளிடம் வந்தாலும், ஆயுள் உள்ளவரை ஆளலாமே தவிர, தன் விருப்பப்படி விற்கவோ பிறருக்கு எழுதி வைக்கவோ அவளுக்கு உரிமை இல்லை. மகனற்ற வீட்டில் மரபு தொடரச் சுவீகாரமே வழி. அந்தச் சுவீகாரத்தைக் கைம்பெண் தானே எடுக்கலாமா என்பது அன்று தீராத ஐயம்.

முதலில் சிவகங்கையைக் காண்போம். கௌரிவல்லபத் தேவர் 1829இல் காலமானார். அவருக்கு ஆண் மகவு இல்லை. மனைவியரும் மகளிரும் இருந்தனர். ஜமீனோ அவருடைய சகோதரர் மகன் கைக்குச் சென்றது. குடும்பம் பாகம் பிரியாதது, எனவே ஆண் பங்காளிக்கே உரிமை என்பது அவர் தரப்பு. மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் இதை ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்தார், தோற்றார், மேல்முறையீடு செய்தார். வழக்கு முடியும் முன்னரே 1850இல் மறைந்தார். அத்துடன் எதிர்த்தரப்பு அமைதி கொண்டிருக்கலாம். ஆனால் தேவரின் மகளார் காத்தம நாச்சியார் எழுந்தார். அங்கமுத்து நாச்சியார் விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தார்.

வழக்கு இறுதியாக இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. ஆங்கிலப் பேரரசின் கடைசி முறையீட்டு மன்றம் அதுவே. அங்கு 1863இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. பழைய சிவகங்கை அரச குடும்பம் அற்றுப் போன பின், கும்பெனியார் 1801இல் புதிதாக வழங்கிய சொத்து இது. ஆகவே கௌரிவல்லபத் தேவர் தாமே தேடிய தனிச்சொத்து. குடும்பம் பாகம் பிரியாததாகவே இருப்பினும், ஒருவர் தாமே தேடிய தனிச்சொத்து அவருக்குப் பின் பங்காளிகளுக்குச் செல்லாது. மனைவிக்கும், அவளுக்குப் பின் மகளுக்குமே செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து மகளின் உரிமை நிலைநாட்டப்பட்டது. கும்பெனியார் எந்தச் சன்னதால் மருதிருவரின் சிவகங்கையை வேறொருவருக்கு அளித்தனரோ, அதே சன்னதே ஒரு மகளுக்குப் படைக்கலமாயிற்று.

இனி இராமநாதபுரத்திற்கு வருவோம். அங்கு இராமசாமி சேதுபதி 1830இல் இறந்தார். அவருக்கு மகன் இல்லை. காலப்போக்கில் உரிமை அவர் மனைவி பர்வதவர்த்தனி நாச்சியாரை வந்தடைந்தது. தமக்குப் பின் மரபு அறுபடும் என்பதை உணர்ந்த அவர், 1847இல் முத்துராமலிங்கம் என்னும் சிறுவரைச் சுவீகாரம் கொண்டார். கணவர் உயிரோடிருந்த காலத்தில் அவ்வாறு செய்யுமாறு அனுமதி அளித்ததற்குச் சான்று இல்லை. எனவே நாச்சியார் கணவரின் உறவினர்களான தாயாதியரின் சம்மதத்தைப் பெற்று அதைச் செய்தார்.

அரசு அதனை ஏற்க மறுத்தது. கணவன் அனுமதியின்றிக் கைம்பெண் எடுத்த சுவீகாரம் செல்லாது என்றது. நாச்சியாரின் காலத்திற்குப் பின் வாரிசற்ற சொத்தாக ஜமீன் அரசையே சேரும் என்பது அதன் உட்கிடை. இவ்விடத்தில் வடநாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். 1853இல் ஜான்சி மன்னர் கங்காதர் ராவ், இறக்கும் தறுவாயில் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். டல்ஹவுசிப் பிரபு அதனை ஏற்காமல் 1854இல் ஜான்சியைக் கும்பெனி ஆட்சியோடு இணைத்தார். ராணி இலட்சுமிபாயின் முறையீடுகள் பயனற்றுப் போயின. 1858இல் அவர் போர்க்களத்தில் வீழ்ந்தார். ஜான்சி தனியரசு, ஆதலால் ஆளுநரின் ஆணைக்கு மேல் மன்றம் இல்லை. இராமநாதபுரம் ஜமீன், ஆதலால் கலெக்டரையும் நீதிமன்றத்தில் நிறுத்த இயன்றது. பர்வதவர்த்தனி எடுத்த சுவீகாரத்தின் உரிமை அங்கேயே வழக்காடப்பட்டது.

சென்னை உயர்நீதிமன்றம் சுவீகாரம் செல்லும் என்றது. அரசுத் தரப்பு இலண்டனுக்கு முறையிட்டது. வசிட்டர் பெயரால் வழங்கும் ஒரே வாக்கியத்திற்கு நாட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பொருள் கொண்டிருந்தது. கணவன் அனுமதி இன்றிப் பெண் பிள்ளை கொள்ளலாகாது என்பது அவ்வாக்கியத்தின் கருத்து. கணவன் இறந்த பின் அனுமதிக்கே இடமில்லை, ஆகவே கைம்பெண் சுவீகாரம் எடுக்கவே முடியாது என்றனர் மிதிலையார். கணவன் தன் வாழ்நாளில் அனுமதி தந்திருந்தால் பின்னர் எடுக்கலாம் என்றனர் வங்காளத்தார். மராட்டிய நாட்டில் அனுமதியே தேவையில்லை எனக் கொண்டனர். தமிழகத்திற்குரிய முறை எது என்பதே கேள்வி.

1868இல் பிரிவி கவுன்சில் விடை கூறியது. திராவிட நாட்டில் கணவனின் அனுமதி இல்லாவிடினும், அவன் உறவினரின் சம்மதத்தோடு கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம். பர்வதவர்த்தனி எடுத்த சுவீகாரம் செல்லும் என்றது. அதனினும் முக்கியமான ஒரு நெறியையும் அத்தீர்ப்பு வகுத்தது. இந்துச் சட்டத்தில் நூலின் வாசகத்தைவிட, தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கமே வலிமை வாய்ந்தது என்பதே அந்நெறி. இன்றும் சட்டம் பயில்வோர் இவ்வழக்கைப் பாடமாகப் படிக்கின்றனர்.

இத்தீர்ப்பின் விளைவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவீகாரப் புதல்வரின் உடன்பிறந்த தமையனார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் ஜமீனின் நிர்வாகியாகித் தமிழ்ப் புலவர்களைப் புரந்தார். அவர் மகனார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சுவீகாரப் புதல்வரின் மகனாகத் தீர்ப்பு வந்த அதே 1868இல் பிறந்தவர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் அளித்தவர். 1897இல் பாம்பன் கரையில் அவரை வரவேற்றவர். வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். அதற்குப் பெரும் பங்குத் தொகை அளித்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். ஒரு கைம்பெண்ணின் சுவீகாரம் செல்லாதென்று முடிந்திருந்தால், இவர்களுள் எத்தனை பேர் அவ்வரண்மனையோடு தொடர்புற்றிருப்பர்?

இந்நாச்சியார்களை அளவுக்கு மீறிப் புகழ்வதும் நம் நோக்கம் அன்று. அவர்கள் பெண்குலம் முழுமைக்காகவும் போராடியதாகக் கூறுவது மிகை. தம் குடும்பத்துக்கும் தம் ஜமீனுக்குமாகவே வழக்காடினர். சிவகங்கையில் தீர்ப்புக்குப் பின்னும் வழக்குகள் ஓயவில்லை. வழக்கறிஞர்க்கும் கப்பலஞ்சலுக்கும் சென்ற பணம் வானம் பார்த்த பூமியில் உழுத குடியானவன் கட்டிய வரியே. மேலும், பர்வதவர்த்தனி பெற்ற உரிமையும் முழுமையானதன்று. கணவன் இல்லாத இடத்தில் அவன் உறவினரின் சம்மதத்தை அது வைத்தது. பெண்ணின் விருப்பம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல 1956ஆம் ஆண்டின் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. இந்துக் கைம்பெண் எவர் சம்மதமும் இன்றிச் சுவீகாரம் எடுக்கவும், கணவன் வழிச் சொத்தை முழு உரிமையோடு ஆளவும் அவ்வாண்டிலேதான் வழி பிறந்தது. தமிழகத்தில் 1989இலும், நாடெங்கும் 2005இலும் மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கிட்டியது.

எனினும், நூறாண்டு நடந்த அந்நெடும் பயணத்தில் இவர்கள் இட்ட அடி சிறிதன்று. பெயரற்ற எத்தனையோ கைம்பெண்கள் பங்காளிகளின் முன் தலைநிமிர்ந்து நின்று தீர்ப்பைக் காட்ட, இவர்களின் விடாமுயற்சி இடம் கொடுத்தது. அரண்மனைக்காகப் பெற்றது குடிசைக்கும் ஆயிற்று.

இறுதியாக ஒரு செய்தி. காத்தம நாச்சியாரின் பெயர் அவருடைய வழக்கின் தலைப்பிலேயே நிலைத்துள்ளது. பர்வதவர்த்தனிக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. இராமநாதபுரம் அன்று மதுரை மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகவே அவ்வழக்கின் பெயர், மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி என்பது. எதிர்த்தவர் பெயர் இருக்கிறது. சுவீகாரப் புதல்வரின் பெயர் இருக்கிறது. அச்சுவீகாரத்தைச் செய்த பெண்ணின் பெயர் அதில் இல்லை. சேதுச் சீமையின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வேலு நாச்சியாரை அடுத்து அப்பெயரையும் நாம் சேர்த்துச் சொல்வோமாக.